நேபாளத்தில் தாதிங் மலையில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ பேசியபோது அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போனது, குளிர், தண்ணீர் ஐஸாக இருப்பது எல்லாம் சொன்னாய். கடைசியில், "முதல் நாளே வீணாப் போச்சும்மா, வயரிங் பார்க்க வந்தவங்களை டீ கொடுத்து உட்கார வச்சுட்டாங்க" என்று சலித்துக்கொண்டாய். அதோடு லைன் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன், சிக்னல் கிடைக்கும்போது படி.

வீணாகப் போன மாதிரி எனக்குத் தெரியவில்லை, எய்யா. அங்கே வார லீவு சனிக்கிழமை, சபை ஆராதனையும் அன்றைக்குத்தான் என்பது இங்கிருந்து புறப்படும்போது உனக்கே தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றாய். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்ம கோவிலிலும் அப்படித்தான், பாய் விரித்து. மாதல் என்கிற அவர்கள் ஊர் மத்தளத்தைக் கொட்டிப் பாடினார்கள், நடக்கத் தெரியாத குழந்தைகூட கை கூப்பி அவர்கள் ஸ்தோத்திரமான "ஜெய் மசி" சொன்னது, முடிந்ததும் பருப்பும் சோறும் போட்டார்கள். வேறென்ன வேண்டும்?

அப்புறம் நிலநடுக்கத்தைப் பற்றி உன்னிடம் பேசின அந்தப் பெரியவர். நீ அவரை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாய், எனக்கு ராத்திரி முழுக்க அவர் நினைவுதான். அது வந்த 2015 ஏப்ரல் 25-ம் சனிக்கிழமைதானே. பகல் 12 மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது, சனங்கள் கோவிலுக்குள் இருக்கிற நேரம். பக்கத்து கோர்க்கா மாவட்டத்தில் ஆரம்பித்த நடுக்கத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் போய்விட்டார்கள். நீ பைப் பதிக்கப் போகிற சுவர் அதற்குப் பிறகு எழுப்பினது. அதில் துளை போடுவதற்கு முந்தின நாள் அந்த மனுஷன் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதைச் சொல்லியிருக்கிறார். டீ ஆறினாலும் பரவாயில்லை, அடுத்த தடவை முழுசாகக் கேள்.

சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டை அந்த ஊர்ப் போதகர் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று உங்கள் குழுவில் சிலருக்கு வருத்தமாமே. அவர் செய்ததுதான் சரி. ஒருவரை மதம் மாற்றுவதை அவர்களுடைய 2015 அரசியல் சாசனமே தடுக்கிறது. 2018-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை ஜெயில், வெளிநாட்டுக்காரர் என்றால் அதற்குமேல் நாடு கடத்தலும் உண்டு. நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள். ஸ்டேஷனுக்கு அலையப் போவது அவரும் அவர் பெண்டாட்டியும்.

போட்டோ விஷயமும் அதேதான். ஆராதனையில் இருந்தவர்களின் முகம் தெரிகிற மாதிரி ஒன்றையும் ஃபேஸ்புக்கில் போடாதே. சொந்தமாகவும் எனக்கு ஒரு கோபம் உண்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு குழு நம்ம சேகரத்துச் சபைக்கு வந்தது. இரண்டு நாள் சமைத்துப் போட்டோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து அவர்கள் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. காலுக்குச் செருப்பில்லாத ஏழைப் பிள்ளைகள் என்று கீழே போட்டிருந்தது. செருப்பெல்லாம் கோவில் வாசலில் கிடந்தது! அந்தப் படத்தில் உன் அக்காவும் இருந்தாள், அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாங்கின புதுச் செருப்பை விட்டுவிட்டு நின்றவள்.

அதே குழுவில் ஒரு அம்மாள் மட்டும் கூட்டத்தை விட்டு அடுப்படிக்கு வந்து, எங்களோடு குத்தவைத்துச் சின்ன வெங்காயம் உரித்தாள். உரிக்கத் தெரியாது. நகத்தால் பிய்த்துப் பிய்த்து, மூக்கு சிவந்து, பாதி வெங்காயம் தோலோடு போய்விட்டது. நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அவளுக்காக இன்றைக்கும் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் என்ன பிரசங்கம் செய்தார்கள் என்று கேட்டால் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் தங்கி நிலைத்த மிஷனரிகளும் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் நம் பாஷையில் ஊறி, தமிழுக்கு இலக்கணமே எழுதினார். கால்டுவெல் ஐயர் 1841-ல் சென்னையிலிருந்து நடந்தே வந்தார், வழியெல்லாம் சனங்களோடு பழகிக்கொண்டு. வெள்ளாளன்விளைக்காரர் அசரியா 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னால் நின்று, உங்கள் தியாகமெல்லாம் பெரிதுதான், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். அவரே தெலுங்கு படித்துக்கொண்டு டோர்னக்கலுக்குப் போனவர்தானே. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதிலும் அவர் கை உண்டு. எங்கள் ஆச்சிக்கு டோர்னக்கல் எந்தத் திசை என்றே தெரியாது, ஆனால் கைப்பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போடாமல் உலை ஏற்ற மாட்டாள்.

சரி, உன் வயரிங் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு ஏணியில் ஏறும் முன் மெயினை நீயே போய் அணைத்துப் பார், இன்னொருவர் சொன்னார் என்று நம்பாதே. எந்த லைட் எங்கே வேண்டும் என்று அந்த வீட்டம்மாவிடம் கேள், முக்கியமாக அடுப்படியில். முந்திரிக்கொத்து டப்பாவை அவர்கள் கையில் கொடு, நீங்களே தின்று தீர்த்துவிடாதீர்கள். அங்கே மணி நமக்குக் கால் மணி நேரம் முந்தி ஓடும், அப்பா எட்டு மணிக்குத்தான் படுப்பார், அதைக் கணக்குப் பார்த்துப் போன் பண்ணு. பெரியவர் பெயரைக் கேட்டு எழுதி அனுப்பு, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

ஜெபத்தோடு,
அம்மா