சாயம் வெளுக்கும் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பாளர்கள் துப்பறிவாளர்களாக வரும் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வெவ்வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. ஜார்ஜ் பாக்ஸ்ட் 1966-இல் படைத்த ஃபேரோ லவ் நியூயார்க் போலீஸ்காரர். ஜோசப் ஹான்சனின் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் (1970 முதல் 12 நாவல்கள்) காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சந்தேக மரணங்களை விசாரிப்பவர். அவர் சிரிப்பதே அபூர்வம். இருவரும் சம்பளத்துக்குத் துப்புத் துலக்குகிறவர்கள். கட்டுரையாளர் தேடிய ஆசாமி வேறு: துப்பறிவதைத் தொழிலாகக் கொள்ளாத அமெச்சூர். பிழைப்புக்கு வேறொரு தொழில், ஊரறிந்த வாய்த்துடுக்கு, யாரும் கூப்பிடாமலே பிணத்தருகே போய் நிற்கும் குணம். அவரைப் பார்க்க ‘வெர்மிலியன்’ (1980) நாவலுக்குப் போக வேண்டும். நேதன் ஆல்டைன் என்ற புனைபெயரில் மைக்கேல் மெக்டவலும் டென்னிஸ் ஷூட்ஸும் சேர்ந்து எழுதியது. பாஸ்டன் மதுக்கூடத்தில் கோப்பை நிரப்பும் வாலன்டைனும், வீட்டுத் தரகு பார்க்கும் தோழி கிளாரிஸும்தான் துப்பறிகிறார்கள்.

தொழில் இங்கே வெறும் அலங்காரம் இல்லை. மதுக்கூடக்காரருக்கு யார் யாரோடு எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது தெரியும். தரகரிடம் பூட்டிய வீடுகளின் சாவி இருக்கும். கிராண்ட் மைக்கேல்ஸின் ஆறு நாவல்களில் வரும் ஸ்டான் கிரேசிக் சிகையலங்காரக்காரர். அவர் நாற்காலியில் தலையைக் கொடுத்தவர் அரை மணி நேரம் எழுந்து போக முடியாது. மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு கத்தரிக்கோல் காணாமல் போய், நாயகனின் போலீஸ் காதலர் பிரேதப் பரிசோதனை அறிக்கையை இலவசமாகக் கொண்டுவந்து நீட்டுகிற நாவல்களும் உண்டு. அவற்றைத் தாராளமாகக் கீழே வைத்துவிடலாம்.

அமெச்சூர் எதற்கு என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை பல மாநிலங்களில் தன்பாலுறவு குற்றம். “அன்றிரவு எங்கே இருந்தாய்?” என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் கொலைப் பழி நீங்கும், வேலை போகும். எனவே சாட்சி போலீஸிடம் பொய் சொல்வான், மதுக்கூடக்காரரிடம் உண்மை சொல்வான். இந்த இடைவெளியில்தான் கதையே ஓடுகிறது.

“நகைச்சுவை கூடியதால் மர்மம் நீர்த்துவிட்டது” என்பது கட்டுரையின் முக்கியக் குறை. தேர்ந்த கையில் நடப்பது நேர் எதிர். துப்பை ஒளிப்பதே சிரிப்புதான். விருந்துக்கு வந்தவனை நாயகன் மூன்று விஷயங்களுக்காக நக்கலடிக்கிறான் என்று வையுங்கள்: சட்டையின் நிறம், மணிக்கட்டில் இல்லாத கடிகாரம், பொருந்தாத விக். விக் வரும்போது வாசகர் சிரித்துவிடுவார், நடுவில் வந்த கடிகாரத்தை மறந்துவிடுவார். இருநூறு பக்கம் கழித்து அது பிணத்தின் அருகே கிடைக்கும். துப்பை மூன்றாவதாக வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். தனி வாக்கியமாக வைத்தால் இன்னும் மோசம். எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் நக்கலடித்தாலும் உத்தி செத்துவிடும், ஏனென்றால் சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்காதவன் யார் என்பதும் ஒரு தடயம். இறந்தவரையே கேலிப்பொருளாக்கும் நாவலில் கொலைகாரன் பிடிபட்டால் என்ன, பிடிபடாவிட்டால் என்ன?

தமிழில் கொண்டுவரலாம் என்று கட்டுரை சொல்வதை வரவேற்கிறேன். கிராண்ட் மைக்கேல்ஸின் முதல் நாவல் தலைப்பு (1990) ஆங்கிலத்தில் சாவும் சாயமும் (die, dye) ஒரே ஒலி என்பதை வைத்து ஆடிய சிலேடை. அதை அப்படியே பெயர்க்க முடியாது, தேவையும் இல்லை. குட்டு உடைவதைச் சொல்ல ‘சாயம் வெளுத்தது’ என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

இன்னும் நல்ல தொடக்கம், மெஹ்மத் முராத் சோமரின் இஸ்தான்புல் நாவல்கள். பகலில் கணினி வேலை, இரவில் பெண்ணுடையில் கேளிக்கை விடுதி நடத்தும் நாயகருக்குப் பெயரே கிடையாது. துருக்கியில் 1858-இன் ஒட்டோமான் சட்டத்திலிருந்தே தன்பாலுறவு குற்றமில்லை. ஆனாலும் அவமானத்துக்கான பயம் அங்கேயும் வாயைக் கட்டுகிறது.

மொழிபெயர்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. துருக்கிய மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாலைத் தேர்ந்தாக வேண்டும். நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது, ஆனால் அதோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டு வருமே. நக்கலுக்கு அது ஆகாது. விடுதிக்குள் ஒருவரையொருவர் ‘அவள் வந்தாள்’ என்றும், போலீஸ்காரர் வாயில் ‘அவன் வந்தான்’ என்றும், தெரியாத ஆளுக்கு மட்டும் ‘அவர்’ என்றும் பிரித்துக்கொண்டால், யார் பேசுகிறார் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்