பல்லாங்குழி கடையில கிடைக்குது, ஆட்டம் யார்கிட்ட இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பாரம்பரிய விளையாட்டுக்கெல்லாம் மறுபடி மவுசு வந்திருச்சுன்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் பிரமாதம், அந்த மீன் வடிவ மரப் பல்லாங்குழியைப் பாத்ததும் எங்க வீட்ல எல்லாரும் பேப்பரைக் கைமாத்திக் கைமாத்திப் பாத்தோம், சந்தோஷம்தான். ஆனா படிச்சு முடிச்சப்புறம் ஒண்ணு உறுத்திச்சு, அதான் எழுதுறேன். எங்க வாங்கலாம்னு இருந்துச்சு, கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்டா குடுக்கலாம்னு இருந்துச்சு, கொலுவுல வைக்க அழகா இருக்கும்னு இருந்துச்சு, ஆடுனா ஞாபகசக்தி வளரும் கணக்கு நல்லா வரும்னு இருந்துச்சு, எப்படி ஆடணும்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல.

இது உங்க பேப்பரை மட்டும் சொல்லல, எல்லா இடத்துலயும் இதுதான் நடக்குது. ஸ்கூல்ல பொங்கல் சமயத்துல பாரம்பரிய விளையாட்டு தினம்னு ஒண்ணு வைக்கிறாங்க, பிள்ளைங்க பாவாடை சட்டை போட்டுக்கிட்டு பல்லாங்குழி முன்னாடி உக்காந்து போட்டோ எடுத்துக்குதுங்க, அப்புறம் அந்தக் கட்டை ஆபீஸ் ரூம் பீரோவுக்குள்ள போயிடுது. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட "என்ன ஆட்டம்மா ஆடுன"ன்னு கேட்டேன், "சும்மா எல்லாக் குழியிலயும் போட்டோம் ஆன்ட்டி"ன்னு சொல்லுது. அந்தப் பிள்ளை மேல தப்பே இல்ல. டீச்சருக்கும் தெரியல, டீச்சரோட அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்ககிட்ட யாரும் கேக்கல.

கீழடி அருங்காட்சியகம் 2023ல திறந்தாங்கல்ல, மதுரையிலருந்து பக்கம்தான், போயிட்டு வந்தோம். பகடைக்காய் இருக்கு, சுட்ட மண்ணுல செஞ்ச ஆட்டக்காய் இருக்கு, பானை ஓட்டை வட்டமா தேச்சுச் செஞ்ச சில்லு இருக்கு, எல்லாம் கண்ணாடிக்குள்ள வரிசையா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு பிள்ளை கையில வச்சிருந்த சாமான். ஆனா அந்த ஆட்டக்காயை வச்சு என்ன ஆட்டம் ஆடுனாங்க, எத்தனை காய், எப்ப வெட்டு, எப்ப பழம், அது எதுவும் மண்ணுக்குள்ள கிடைக்காது பாருங்க. புறநானூத்துல 52ஆவது பாட்டு ஒண்ணு இருக்கு. பாண்டியன் படை போன நாடு பாழாப் போனதைப் பாடுறப்ப, ஊர்ப் பொதுமண்டபத்துல நரைச்ச கிழவங்க உக்காந்து சூதாடி ஆடித் தேஞ்ச குழியில இப்ப காட்டுக்கோழி முட்டை போட்டிருக்குன்னு சொல்லுது. காய் உருட்டி உருட்டி குழி விழுந்த வரைக்கும் அந்தப் புலவருக்குக் கண்ணுல பட்டிருக்கு, வல்லுங்குற அந்தச் சூதாட்டத்தோட பேரும் நமக்கு வந்து சேந்திருச்சு, ஆட்டம் வந்து சேரல. அன்னைக்கு ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அதை யாரு போய் எழுதி வைப்பா? அதேதான் இப்ப நமக்கும் நடக்குது. மரக்கட்டை இன்னும் முந்நூறு வருஷம் கிடக்கும், ஆடுற விதி இருபது வருஷத்துல காலி.

விதின்னு சொன்னேன்ல, அதுல ஊருக்கு ஊர் இருக்குற வித்தியாசம்தான் இதுல ருசியே. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்குங்க, எங்க பக்கம் பெருசுங்க பதினஞ்சாம் புலின்னுதான் சொல்லும். முக்கோணம் மாதிரி ஒரு கட்டம், கோடு சேர்ற புள்ளி 23, மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி முதல்லயே உச்சியில உக்காந்திரும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடா இறக்கணும், பதினஞ்சும் இறக்கி முடிக்கிற வரைக்கும் இறக்குன ஆட்டை நகத்தக் கூடாது, ஆனா புலி அதுக்குள்ளயே நகந்து வெட்ட ஆரம்பிச்சிரும். அநியாயமா தெரியும், ஆடிப் பாத்தாதான் தெரியும் அநியாயம் யார் பக்கம்னு. ஆட்டுக்குப் பின்னாடி இருக்குற புள்ளி காலியா இருந்தாத்தான் புலி தாண்ட முடியும், அதனால விவரமான ஆளு ஓரத்துல, முதுகுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு இருக்குற மாதிரி, ஒண்ணு ஒண்ணா நெருக்கிக்கிட்டு வருவாரு, கடைசியில மூணு புலியும் நகர இடமில்லாம முழிச்சுக்கிட்டு நிக்கும். செஸ் மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே படை கிடையாது, ஒரு பக்கம் பலம், ஒரு பக்கம் எண்ணிக்கை. எங்க தாத்தா எப்பவும் ஆடுதான் கேட்டு வாங்குவாரு, புலி வச்சு எவன் வேணா ஜெயிப்பான்னு சொல்லிட்டு.

பல்லாங்குழி அதை விட மோசம், அதாவது அதை விட நல்லது. கடையில வாங்குற பெட்டிக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு இருக்கு, அதுல ஒரே ஒரு ஆட்டம் போட்டிருக்கு, குழிக்கு இத்தனை காய் போடு, சுத்து, காலிக்குழி வந்தா அடுத்த குழியில இருக்குறதை அள்ளுன்னு. சரிதான், தப்பில்ல. ஆனா குழியில நாலு சேந்தா பசுன்னு சொல்லி அந்தப் பக்கத்துக்காரி டக்குன்னு எடுத்துக்கிறது அந்தச் சீட்டுல இல்ல. எடுக்க மறந்தா மறந்ததுதான், அஞ்சாவது காய் விழுந்தப்புறம் "ஐயோ என் பசு"ன்னு கத்துனா யாரும் தர மாட்டாங்க, அதுலதான் பாதி சண்டையே. எங்க ஆச்சி கையில புளியங்கொட்டையை அள்ளுனவுடனே எண்ணாமலே சொல்லும், இது எந்தக் குழியில போய் முடியும்னு. ஸ்கூல் வாசலையே மிதிக்காத ஆளு.

பல்லாங்குழியிலயே சீதைப்பாண்டின்னு ஒண்ணு இருக்கே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருத்தரே தனியா ஆடுறது, அசோகவனத்துல சீதை தனியா உக்காந்து ஆடுனதுன்னு கதை சொல்லுவாங்க. ஏழு குழி, வரிசையா 7, 6, 5, 4, 3, 2, 1ன்னு காய் போடணும், மொத்தம் 28 காய். ஏழு இருக்குற குழியை அள்ளி, அதே குழியிலருந்து ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணா போட்டுக்கிட்டே போங்க. இப்ப பாத்தா அந்த வரிசை அப்படியே ஒரு குழி தள்ளி உக்காந்திருக்கும், அடுத்த குழியில ஏழு இருக்கும். மறுபடி அதை அள்ளி, கடைசிக் குழி முடிஞ்சா முதல் குழிக்கு வந்து போடுங்க. ஏழு தடவை பண்ணுனா ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து நிக்கும். ஜெயிக்கவும் முடியாது தோக்கவும் முடியாது. வாசகர்கள் யாராவது இதைப் படிச்சிட்டு ரெண்டு பிடி புளியங்கொட்டை எடுத்துத் தரையில போட்டுப் பாத்தாங்கன்னா எனக்கு அது போதும், கட்டை கூட வேணாம், சாக்பீஸ்ல ஏழு வட்டம் போட்டா போதும்.

தாயம் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல, அது இன்னும் உயிரோட இருக்கு, வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழிச்சிருக்குறதுக்காவது தாயக்கட்டையும் பரமபதமும் வெளிய வந்திருது. ஆனா அதுலயும் பாருங்க, தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், 5, 6, 12 விழுந்தா இன்னொரு ஆட்டம், இது வரைக்கும்தான் அநேகமா எல்லா ஊருக்கும் பொது. வெட்டு வாங்காம உள்கட்டத்துக்குப் போகலாமா கூடாதா, ஜோடி சேந்த காயை ஒத்தக் காய் வெட்டலாமா, பெருக்கல் குறி போட்ட கட்டத்துல நிக்கிறவனை என்ன பண்ணலாம், இதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். கல்யாணமாகி வேற ஊர் போன பொண்ணுங்க முதல் நாளே மாமியார் வீட்ல தாயத்துல சண்டை போட்ட கதை ஊர் ஊருக்கு இருக்கு. லாக்டவுன்ல எல்லாரும் போன்ல லூடோ ஆடுனாங்கல்ல, அந்த லூடோவே நம்ம நாட்டுப் பச்சிசி ஆட்டத்தைப் பாத்துச் செஞ்சு 1890கள்ல இங்கிலாந்துல பேடன்ட் வாங்குனதுதான், அங்க போய் எல்லாத்தையும் மழிச்சு ஒரே விதியாக்கி அட்டையில அச்சடிச்சிட்டாங்க, சண்டை போட ஒண்ணுமே மிச்சமில்ல.

இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா நானும் பழைய காலம் பொற்காலம்னு பாடுற கூட்டத்துல சேந்த மாதிரி ஆயிடும். பல்லாங்குழி ஏன் பொம்பளைங்க ஆட்டமாச்சு? வயசுக்கு வந்த பிள்ளையை வெளிய விடாம மூலையில உக்கார வச்சாங்க, மாசாமாசம் மூணு நாள் ஒதுக்கி வச்சாங்க, அந்த நேரத்தை எப்படித்தான் தள்ளுறது, அதுக்குத்தான் குழியும் கொட்டையும். திண்ணையில எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஆடுனோம்னு எழுதுறாங்க, எல்லா ஜாதிக்காரங்களும் எல்லாத் திண்ணையிலயும் ஏற முடிஞ்சுதா? தாயத்துல காசு வச்சு ஆடி நிலத்தை விட்டவங்களும் உண்டு. அந்த ஒதுக்குறதெல்லாம் திரும்ப வர வேணாம், நல்லபடியா ஒழியட்டும், ஆட்டம் மட்டும் இருந்தா போதும்.

அதே மாதிரி வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வேர்டு சுத்துது, உலகத்துக்கே குழி ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்தது தமிழன்தான்னு. ஆப்பிரிக்காவுல பல நாட்டுல இதே மாதிரி குழியில கொட்டை போட்டு ஆடுறாங்க, காலங்காலமா ஆடுறாங்க. இதுல யாரு முதல்லங்குற போட்டி எதுக்கு? ஞாபகசக்திக்கு நல்லதுங்குறதும் அப்படித்தான், வெண்டைக்காய்க்குச் சொல்ற அதே விளம்பரத்தை இதுக்கும் சொல்றாங்க. எங்க ஆச்சி ஞாபகசக்திக்காக ஆடல, எதுத்தாப்புல இருக்குறவளைத் தோக்கடிக்கணும்னு ஆடுச்சு. ஜெயிச்சா அன்னைக்குப் பூரா அதையே சொல்லிக் காட்டும். பிள்ளைங்களை இழுக்கணும்னா அந்தக் கெத்தைச் சொல்லுங்க, மருந்து மாதிரி சொன்னா எந்தப் பிள்ளை வரும்?

எடம் இல்லைங்குறதும் உண்மை. எங்க அபார்ட்மென்ட்ல பிள்ளைங்க கார் நிறுத்துற எடத்துல நொண்டி ஆடுற பாண்டிக்கட்டம் போட்டதுக்கு அசோசியேஷன் குரூப்ல போட்டோ எடுத்துப் போட்டு இது யார் வீட்டுப் பிள்ளைன்னு விசாரணை. சாக்பீஸ், தண்ணி ஊத்துனா போயிடும். ஊர்ல பழைய கோயில் மண்டபத்துல குனிஞ்சு தரையைப் பாத்தா பல எடத்துல ஆடு புலிக் கட்டமும் குழியும் கல்லுலயே செதுக்கியிருக்கும், சாமி சன்னதிக்குப் பத்தடி தள்ளி உக்காந்து ஆடியிருக்காங்க, யாரும் விசாரணை வைக்கல. எங்க ஊர்க் கோயில்லயும் ஒண்ணு இருந்துச்சு, கும்பாபிஷேகத்துக்குத் தரையெல்லாம் கிரானைட் போட்டப்ப அடியில போயிடுச்சு, வழுக்காம நடக்கவே இப்ப கஷ்டம்.

சரி, குறை சொல்லிட்டுப் போறதுக்காக இவ்வளவு நீளமா எழுதல, ஒரு யோசனை இருக்கு. ஞாயிறு இணைப்புல சுடோகு போடுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு போஸ்ட் கார்டு அளவு எடம் ஒதுக்குங்க. வாரம் ஒரு ஆட்டம், ஒரு ஊர். வாசகர்களே எழுதி அனுப்பட்டும், கட்டத்தைக் கையால வரைஞ்சு, எத்தனை காய், எப்படி இறக்குறது, எப்படி வெட்டுறது, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எந்த ஊர், எந்த வட்டம்னு. கல்லாங்காய்க்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு பாடுவோமே, அதை அந்த ஊர்ப் பேச்சுலயே அப்படியே போடுங்க, திருத்தாதீங்க. தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் மாதிரி பெரிய ஆளுங்க 1950கள்லயே தமிழ்நாட்டு விளையாட்டையெல்லாம் தொகுத்து வச்சிருக்காங்க, அது லைப்ரரியில இருக்கு, ஆனா ஒரே ஆளு எல்லா ஊர் ஆச்சியையும் போய்ப் பாக்க முடியாதுல்ல. உங்க பேப்பர் போகாத ஊர் கிடையாது. எழுதத் தெரியாத பெரியவங்க இருந்தா பேரப்பிள்ளைங்க கேட்டு எழுதட்டும், அந்தச் சாக்குலயாவது பக்கத்துல உக்காரும்.

ஒரே கண்டிஷன், இதுதான் சரியான விதி அது தப்புன்னு எடிட் பண்ணி ஒண்ணாக்கிடாதீங்க. திருநெல்வேலிக்காரர் ஒண்ணு சொல்லுவாரு, தருமபுரிக்காரர் இல்லவே இல்லம்பாரு, ரெண்டையும் போடுங்க, அடுத்த வாரம் மறுப்புக் கடிதம் வரும், அதையும் போடுங்க.

முதல் வாரத்துக்கு எங்க ஊர்ப் பதினஞ்சாம் புலிக் கட்டத்தை வரைஞ்சு இதோட வச்சிருக்கேன். எத்தனை ஆடு வெட்டுனா புலி ஜெயிச்சதுன்னு கேக்காதீங்க, எங்க வீட்டு வழக்கம் அஞ்சு, எங்க மாமியார் ஊர்ல பத்து, போன பொங்கலுக்குக் கூட அதுல பேச்சு முத்திப்போய் காபி ஆறிப்போச்சு. ரெண்டு கணக்கையும் போட்டிருங்க, அத்தையும் உங்க பேப்பர்தான் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை