பெங்களூரு 500டி பஸ்ஸில் பவர் பேங்க் கொடுத்த அண்ணனுக்கு

போன மாதம் ஒரு காலை, சில்க் போர்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தது ஐஸ் ஹாக்கி, அமெரிக்காவின் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் ஆட்டம். அந்த ஊரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பைத்தியம். 2016-இல் அந்த லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதி வரை போன அணி, 2023-24 சீசனில் 82 ஆட்டங்களில் 19-ல்தான் ஜெயித்தது. விட முடியவில்லை, என்ன செய்ய?

அன்று சமநிலை, ஓவர்டைம் தொடங்கும் நேரம், போன் அணைந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. நீங்களாகப் பையைத் திறந்து, சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றிய கேபிளோடு பவர் பேங்கை நீட்டினீர்கள். “இதுல பந்து எங்கங்க?” என்றீர்கள். அந்தக் கறுப்பு வில்லையைக் காட்டினேன். அப்புறம் நீங்களும் குனிந்து பார்க்க ஆரம்பித்தீர்கள்.

வழக்கம்போல் தோற்றோம். பவர் பேங்கை வாங்கிக்கொண்டு மாரத்தஹள்ளியில் இறங்கினீர்கள். ஜன்னல் வழியே பார்த்தால், பெல்லந்தூர் பக்கம் திரும்பிப் போக எதிர்சாரிக்குச் சாலையைக் கடக்கிறீர்கள். நீங்கள் டிக்கெட் பெல்லந்தூருக்கு எடுத்தது அப்போதுதான் உறைத்தது.

ரொம்ப நன்றி அண்ணா. கேபிள் என் பையிலேயே இருக்கிறது. தினமும் அதே எட்டு மணி வண்டிதான்.