முதலில் பிரேக், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் ஸ்விஃப்ட் காரில் மாற்றப் போவதாக நீ அனுப்பிய பட்டியலை நேற்று ராத்திரி பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து இரண்டு தடவை படித்தேன். போனில் பேசினால் நடுவில் நீ ஒன்று கேட்பாய், நான் வேறெங்கோ போய்விடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏர் ஃபில்டர், சைலன்சர், எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் ஈசியூ ரீமேப், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், வண்டிக்குள் இரும்புக் குழாயால் கட்டும் ரோல் கேஜ். ஐந்து பொருள். ஐந்தில் ஒன்றுகூட வண்டியை நிறுத்துவதற்கானது இல்லை. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அம்மாவைக் கேட்டுப் பார். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்யலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

பெரியப்பாவின் இடது கை முழங்கையில் முழுசாக நீளாது. சின்ன வயதில் கிணற்றுமேட்டில் விழுந்தது என்றுதான் உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மையில்லை. 1980-களில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல் வரும் வரை நம் பக்கத்து ஆட்களுக்கு ரேஸ் என்றாலே சோழவரம்தான். எங்களிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. 1,089 சிசி. நான் அதன் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டினேன். நம் லேத்திலேயே மேனிஃபோல்டு செய்து இரட்டை கார்புரேட்டர் வைத்தேன். இரண்டு மாத உழைப்பு. ஆனால் பிரேக் லைனரையும் பிரேக் ஆயிலையும் நான் தொடவே இல்லை. கோவையிலிருந்து சோழவரம் வரை நன்றாகப் பிடித்த பிரேக்தானே என்று விட்டுவிட்டேன். பயிற்சி ஓட்டத்தில் ஐந்தாவது சுற்றில் பெடல் தரை வரைக்கும் போயிருக்கிறது. ஓட்டியது பெரியப்பா. வண்டி புரண்டது. அன்றைக்கு மடங்கிய கை அது. அவர் இன்று வரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பு என்னுடையது. ஓட்டியவரும் இல்லை, வண்டியும் இல்லை, நான்.

இனி கணக்குக்கு வருவோம். உன் ஸ்விஃப்ட், நீ, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ. நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 140 கிலோமீட்டரில் வந்து வளைவுக்காக 60-க்கு இறக்குகிறாய் என்று வை. அந்தச் சில நொடியில் பிரேக்கில் சேரும் சூடு, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டு போகும் சூடு. அதில் பெரும் பங்கு முன்பக்க டிஸ்க் இரண்டுக்கும்தான் போகும், ஏனென்றால் பிரேக் அழுத்தினால் எடை முன்னால் வந்துவிடும். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரகடம் ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினாலும் பிரேக் இப்படி ஆறாமல் தொடர்ந்து சூடாகாது. ரோட்டில் பிடிக்கிற பிரேக் டிராக்கில் பிடிக்கும் என்று நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

சூடு ஏறினால் முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், டப்பாவை மூடி வைத்தாலும் ஹோஸ் வழியாக இழுக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புது டாட் 3 ஆயில் கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 140-க்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரமானால் 155. டாட் 5.1 புதிதில் 260. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீ மிதிக்கிற மிதி ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே முதல் செலவு: நல்ல டாட் 4 அல்லது 5.1, சீல் உடைக்காத புது டப்பா. கடையில் பாதி ஊற்றி வைத்ததை வாங்காதே. டாட் 5 என்று வெறும் எண்ணோடு ஒன்று இருக்கும், அது சிலிக்கோன், நம் வண்டிக்கு ஆகாது. 5.1 வேறு, 5 வேறு. நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும் வரை காற்று எடுக்கச் சொல். பக்கத்தில் நின்று நீயே பார். நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது, அதனால் ரப்பர் ஹோஸ் நான்கையும் மாற்றிவிடு.

அடுத்தது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட். முழுக்க ரேஸுக்கென்றே செய்த பேட் வாங்கிவிடாதே. அது சூடானால்தான் பிடிக்கும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த பேடோடு வாசலை விட்டு வெளியே வருகிறாய், குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வருகிறது என்று நினைத்துப் பார். ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் ஒரு வகை கிடைக்கும், கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கைக் கொஞ்சம் அதிகம் தின்னும், பரவாயில்லை. புது பேடைப் போட்டதும் நேரே டிராக்குக்குப் போகாதே. ஆளில்லாத ரோட்டில் 80-இலிருந்து 20 வரைக்கும் எட்டுப் பத்துத் தடவை பதமாக இறக்கி, நடுவில் முழுசாக நிறுத்தாமல், அப்புறம் ஆற விடு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். பின்னால் டிரம்தான் இருக்கிறது. அதையும் டிஸ்க்காக மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தேவையே இல்லை. திறந்து, தூசி தட்டி, லைனர் கனம் பார்த்து, அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

பிரேக் முடிந்தால் டயர். இதில் கஞ்சத்தனம் பார்க்காதே. என்ன செய்தாலும் கடைசியில் ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். உன் வண்டியில் இருப்பது 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அந்த அகலத்தில் 80 சதவீதம், 14 இஞ்ச் ரிம். மைலேஜுக்கான கெட்டி டயர். பக்கச்சுவர் உயரம், வளைவில் மடங்கும். 15 இஞ்ச் அலாயில் 195/60 போட்டால் மொத்த உயரம் பழையதற்கு ஒட்டியே வரும். சிலர் 195/55 போடச் சொல்வார்கள். அதில் உயரம் 4 சதவீதம் குறையும். கியர் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், ஆனால் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், வண்டியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். உங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரை நான் பார்த்திருக்கிறேன். 195/60 போதும். பக்கச்சுவரில் DOT என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையின் (பிரேக் ஆயிலின் டாட் எண் வேறு, இது வேறு) கடைசி நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டு வாங்கு. முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு வருஷம். தள்ளுபடி என்று மூன்று வருஷம் கோடவுனில் கிடந்ததைத் தருவார்கள்.

காற்று அழுத்தத்தைப் பற்றி ஒரு பழைய வழி சொல்கிறேன். டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போடு. நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பார். பக்கச்சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. ஓரத்தில்கூட அழியவில்லை என்றால் காற்று அதிகம். டிராக்கில் சூட்டுக்கு ஆறேழு பிஎஸ்ஐ ஏறும். அதனால் குளிர்ந்த அளவை வைத்து முடிவு செய்யாதே, உள்ளே வந்த உடனே அளந்து எழுதி வை. டிராக்கில் காற்றைக் குறைத்திருந்தால், திரும்பி வீட்டுக்கு வரும் முன் பழைய அளவுக்கு நிரப்பு. இதை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிங் பற்றி நீ எழுதியதில்தான் எனக்கு அதிகக் கவலை. யாரோ உன்னிடம் இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பட்டறைக்கு இனிமேல் போகாதே. வெட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகும், ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருக்கும், அதனால் அடக்க முடியாது. குழியில் விழுந்தால் ரப்பர் கட்டையில் போய் முட்டும். வளைவின் நடுவில் முட்டினால் சக்கரம் சட்டென்று பிடியை விட்டுவிடும். இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் வகை. வண்டியை ரொம்பத் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறி, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையில் தூரம் கூடும். தாழ்த்திய வண்டி குறைவாகச் சாயும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ஸ்பிரிங் கெட்டியாக இல்லாவிட்டால் கூடுதலாகச் சாயும்.

இந்த வருஷம் ஸ்பிரிங்கைத் தொடாதே. முன்பக்க ஷாக் கசிகிறதா பார். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுண்ட் எல்லாம் எழுபதாயிரம் கிலோமீட்டர் பார்த்துவிட்டன, புதிதாக மாற்று. வண்டி பாதி புதிதாகிவிடும், உனக்கே தெரியும். அப்புறம் முன்சக்கரத்துக்கு, சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் தலையை உள்பக்கம் ஒன்றரை டிகிரி சாய்த்துக்கொள். கம்பெனியில் ஏறக்குறைய நேராக விட்டிருப்பார்கள். அப்படியே டிராக்கில் ஓட்டினால் டயரின் வெளி ஓரம் ஒரே நாளில் உரிந்துவிடும், வளைவில் மூக்கு வெளியே தள்ளும். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, சரியாக வைத்தால் ஒன்றரை டிகிரிக்கு ஆபீஸ் ஓட்டத்தில் டயர் பெரிதாகத் தேயாது.

எஞ்சினுக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. 1,197 சிசி, டர்போ இல்லை. ஃபில்டரும் சைலன்சரும் ரீமேப்பும் சேர்ந்து தரும் குதிரைத்திறனை விரல் விட்டு எண்ணிவிடலாம், சத்தம்தான் இரண்டு மடங்காகும். நம் ஊர் கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி வண்டி கட்டினார். மூன்று சிலிண்டர். நம் பையன்கள் அதில்தான் வளைவு எடுக்கக் கற்றார்கள். சக்தி குறைந்த வண்டியில் தப்பு செய்தால் உடனே தெரியும், மறைக்க முடியாது. உனக்கு இப்போது வேண்டியது அதுதான். எஞ்சின் ஆயிலையும் கூலன்ட்டையும் புதிதாக மாற்று. ஆயிலை மேல் கோட்டு அளவுக்கு வை, நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கக் கூடாது.

ரோல் கேஜ் வேண்டாம், சாமி. இதை மட்டும் அப்பா கண்டிப்பாகவே சொல்கிறேன். டிராக்கில் ஹெல்மெட் இருக்கும். ஆபீஸுக்குப் போகும்போது இருக்காது. சின்ன இடி போதும், தலை போய் இரும்புக் குழாயில் படும். நான்கு முனை பெல்ட்டும் அப்படித்தான், அதற்கென்ற சீட் இல்லாமல் போட்டால் உடம்பு அடியில் வழுக்கிப் போய்விடும். கம்பெனி பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தவை. அதை அப்படியே விடு. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங் என்றால் பணம் கிடையாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் அது உன் சம்பளத்திலிருந்துதான்.

அன்றைக்கு ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், மேட் எல்லாவற்றையும் கழற்றி வை, ஆனால் டிராக்குக்கே கொண்டுபோய்க் கழற்று, வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே. வீல் நட்டை, எவ்வளவு விசை என்று அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கு, முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி பார். கடைசிச் சுற்றில் பிரேக் மிதிக்காமல் மெதுவாக வா, காற்றிலேயே ஆறட்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதே, சூட்டில் லைனர் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வை. பெடல் கொஞ்சம் மெத்தென்று ஆனாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று தோன்றும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியதாம். பெடல் மெத்தென்று ஆனது அவருக்கு நாலாவது சுற்றிலேயே தெரிந்திருக்கிறது. அதை அவர் என்னிடம் சொன்னதே போன வாரம்தான், நீ டிராக்குக்குப் போகிறாய் என்று நான் சொன்ன பிறகு.

வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன். டார்க் ரென்ச்சும் காற்று அளக்கும் கேஜும் இங்கிருந்து எடுத்து வருகிறேன், நீ வாங்க வேண்டாம். பிரேக் ஆயில் இரண்டு டப்பா மட்டும் வாங்கி வை, சீல் பார்த்து. பெரியப்பாவும் வருகிறார். அவருக்குக் கீழ் பெர்த் போட்டாயிற்று.

அன்புடன்,
அப்பா