உங்கள் லைப்ரரியில் மெக்சிகோ சிட்டி நேரம் ஒரு மணி நேரம் பிசகுகிறது, புகார் டிக்கெட்டை மூடாதீர்கள்

வணக்கம்.

உங்கள் நேரக் கணக்கு லைப்ரரி (எங்கள் மென்பொருளில் சேர்த்திருக்கும் உங்கள் நிரல் தொகுப்பு) பற்றிய எங்கள் புகார் டிக்கெட்டை மறுபடியும் "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டீர்கள். ஒன்றும் தீரவில்லை. சாட்டில் கேட்டால் மெயில் போடச் சொல்கிறார்கள், மெயில் போட்டால் டிக்கெட் திறக்கச் சொல்கிறார்கள், திறந்தால் பழைய பாட்டுதான்: சர்வரை யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிப் பாருங்கள். சர்வர் முதலிலிருந்தே யூடிசியில்தான் ஓடுகிறது. சர்வர் பதிவுகளை (லாக்) அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

மெக்சிகோ சிட்டியில் கோடை நேர மாற்றத்தை (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பதை) 2022 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள், வருடம் முழுக்க யூடிசி மைனஸ் 6தான். உங்கள் லைப்ரரிக்கு மட்டும் ஏப்ரல் வந்தால் மைனஸ் 5 ஆகிவிடுகிறது. காலை 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டால் 16:00 யூடிசி என்று சேமிக்க வேண்டும், 15:00 என்று விழுகிறது, ஆட்கள் 9 மணிக்கே வந்து காத்துக்கிடக்கிறார்கள்.

காரணத்தையும் நாங்களே கண்டுபிடித்துக் கொடுத்தோம். நேர மண்டலத் தரவை (எந்த ஊரில் என்ன நேர விதி என்ற பட்டியலை) லைப்ரரிக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறீர்கள், ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும் புதிய தரவை அது தொடுவதே இல்லை. உள்ளே இருக்கும் தரவின் பதிப்பைப் பிரின்ட் செய்து பார்த்தால் 2022ஏ என்று வருகிறது. மெக்சிகோ மாற்றம் அதற்குப் பிந்தைய 2022எஃப் பதிப்பிலேயே வந்துவிட்டது! உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே தெரியாமலா இருக்கும்?

இதற்கு உங்கள் சீனியர் சப்போர்ட் ஆள் சொன்னதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. "ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், இதற்கெல்லாம் எங்கள் நேரத்தை வீணடிக்காதீர்கள்." எப்படிக் கூட்டுவது? அக்டோபர் கடைசியில் உங்கள் கணக்கு தானாகவே சரியாகிவிடும், அப்புறமும் கூட்டினால் அதுவும் தவறு. மெக்சிகோ முழுக்கக் கூட்டினால் டிஹுவானா நகரத்தின் நேரம் கெட்டுப்போகும், அமெரிக்க எல்லையில் இருப்பதால் அங்கே கோடை நேரம் இன்னும் உண்டு. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். சந்தா கட்டுபவரிடம் பேசுகிற பேச்சா இது?

நவம்பர் பிரச்சினையும் அப்படியே கிடக்கிறது. 2025 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் கோடை நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னே வைத்ததால் அதிகாலை 1:30 இரண்டு முறை வந்தது, எந்த 1:30 என்று கேட்காமல் உங்கள் பார்சர் (எழுதிய நேரத்தைப் படித்து மாற்றும் பகுதி) ஒன்றை எடுத்துக்கொள்கிறது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

எங்கள் வியாபாரமே இதனால் படுத்துவிட்டது, பல வருடம் சேர்த்த நல்ல பெயர் மொத்தமாகப் போய்விட்டது.

தயவுசெய்து புதிய தரவுடன் ஒரு பதிப்பு வெளியிடுங்கள், இல்லையென்றால் சிஸ்டம் தரவைப் படிக்க ஒரு வழியாவது கொடுங்கள். ஏற்கெனவே தவறாகச் சேமித்த அப்பாயின்ட்மென்ட்களை எப்படித் திருத்துவது என்றும் எழுத்தில் வேண்டும், தரவைப் புதுப்பித்தால் மட்டும் அவை சரியாகாது. இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், சாட் பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பேசுவதற்கு இந்த நிரலை எழுதிய பொறியாளரை அனுப்புங்கள், அந்த ஆளை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.