வார்டில் என் வேலை: அப்பாவுக்கு ஒரு கடிதம்

எட்மன்டன்,
18.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஆஸ்பத்திரி வார்டில் என்ன வேலை என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்திலேயே காலம் கழித்த உங்களுக்கு இது நன்றாகப் புரியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவர்களும் செவிலியர்களும் புதிய மென்பொருளைத் தடுமாறாமல் பயன்படுத்த உதவுவதுதான் என் வேலை.

கனடாவின் இந்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் இடத்துக்கு ஒரு விதமாக இருந்த நோயாளிப் பதிவுகளை ‘கனெக்ட் கேர்’ என்னும் ஒரே மின்னணுப் பதிவேட்டின் கீழ்க் கொண்டுவந்திருக்கிறார்கள். 2019 நவம்பரில் தொடங்கி, ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, சென்ற நவம்பரில்தான் கடைசிக் கட்டத்தை முடித்தார்கள். மென்பொருள் அமெரிக்காவின் எபிக் நிறுவனத்துடையது. மருத்துவர் எழுதும் மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு, செவிலியர் குறிக்கும் காய்ச்சல் அளவு என எல்லாம் அதற்குள்தான்.

ஆனால் மென்பொருள் வந்ததோடு வேலை முடிவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை அப்டேட் வருகிறது; நேற்றுவரை கை தானாகப் போய் அழுத்திய பொத்தான் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கென்று முன்கூட்டியே வகுப்பு நடத்துகிறோம். ஆயினும் வகுப்பில் கேட்டது, மூச்சுத் திணறும் நோயாளி முன்னால் இருக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. ஆகவே மாற்றம் வந்த நாள் முதல் வண்ண மேலங்கி அணிந்து மருத்துவர்கள், செவிலியர்களின் அருகிலேயே நிற்கிறோம். அந்தந்த வார்டிலேயே நன்கு தேர்ந்த ஒரு செவிலியரையும் ‘சூப்பர் யூசர்’ என்று தயார் செய்து வைக்கிறோம். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் சக ஊழியர்கள் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள், அது நியாயமும்கூட.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று நீங்கள் சரிபார்ப்பதை இங்கே பார்கோடு செய்கிறது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்து உறையையும் ஸ்கேன் செய்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும். ஒரு வார்டில், தொற்றுக்காகத் தனி அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் செவிலியர்கள் பட்டையின் நகலை அச்சிட்டு வெளியே கணினி வைத்த தள்ளுவண்டியில் ஒட்டிவைத்து, அதையே ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். நகலை ஸ்கேன் செய்தால் உள்ளே படுத்திருப்பவர் யார் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. மேலிடத்திலிருந்து கண்டிப்பான அறிவிப்பு போனது, ஒன்றும் மாறவில்லை. கூடவே நின்று பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது: கணினி வண்டியை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, ஸ்கேனரின் வயரோ கட்டில்வரை எட்டாது. வயர் இல்லாத ஸ்கேனர் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். அதன்பின் ஒருவர்கூட நகல் அச்சிடவில்லை.

இதனால்தான், “டாக்டர்களுக்குப் புதியது பிடிக்காது” என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் முணுமுணுப்பதில் பெரும்பகுதி உண்மை. மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்ற எச்சரிக்கை அற்பமான இணைகளுக்கெல்லாம் திரையில் எழும்பினால், உயிருக்கு ஆபத்தான இணைக்கு எழும்பும்போதும் அதைப் படிக்காமலே மூடிவிடுவார்கள். அத்தகைய எச்சரிக்கைகளைக் குறித்துக்கொண்டு, மென்பொருளை அமைப்பவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கொண்டுபோய், தேவையற்றதை நீக்கச் சொல்லி வாதாடுவது என் வேலையின் பாதி. எனக்கு அதிக மனநிறைவு தருவதும் அந்தப் பாதிதான்.

தங்கையின் மருத்துவமனையிலும் கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்றப்போவதாக எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் இரவுப் பணிக்கும் உதவிக்கு ஆள் வேண்டும் என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பகலில் மட்டும் ஆளை நிறுத்திவிட்டு இரவை மறந்துவிடுவார்கள். எந்தத் திரையில் சிக்கிக்கொள்கிறாளோ அதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அழைக்கும்போது இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்