அறுப்புக்கு முன் தண்ணீர் வடிக்கிற வாரம்

அன்புப் பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து மனசு சரியில்லை. மறுபடி பேசினால் நீயும் அழுவாய், நானும் தடுமாறுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் 3000 மீட்டர் மாநில ஓட்டப் போட்டிக்கு இன்னும் எட்டு நாள். வாரம் 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த உன்னை மாஸ்டர் 35-க்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உனக்கோ கால் கனக்கிறது, சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்று பயம். விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் ஆறு கிலோமீட்டர் ஓடியும் வந்திருக்கிறாய். அதை என்னிடம் மறைக்கவில்லையே, அது போதும். இனி வேண்டாம் தாயி.

உன் வயதில் நானும் இதே தப்பைச் செய்தேன். 5000 மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்து மாநிலத்துக்குப் போனேன். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மனசு கேட்காமல் ஆற்றங்கரையில் பதினாறு கிலோமீட்டர் விரட்டி ஓடினேன். போட்டியன்று ஏழு ரவுண்டு வரை முன்னால்தான் இருந்தேன். எட்டாவதில் தொடை கல்லாகிவிட்டது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். போட்டிக்கு முன்னால் ஓடும் தூரத்தைக் குறைக்கிற டேப்பர் என்று ஒன்று உண்டு என்று சொல்ல அன்று எனக்கு யாரும் இல்லை. உனக்கு மாஸ்டர் இருக்கிறார்.

நம் வயலை நினைத்துப் பார். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுவோம். அப்போது போய்ப் பாய்ச்சினால் பயிர் சாயும். அதுவரை பாய்ச்சியது கதிரில் ஏறியிருக்கும். நீ ஜூனிலிருந்து ஓடியதும் அப்படித்தான் உடம்பில் ஏறியிருக்கிறது. பத்து நாள் குறைத்து ஓடுவதால் அந்தப் பலம் கரைந்துவிடாது. அதற்குள் களைப்பு இறங்கும், தசையில் விழுந்த சின்னச் சின்னக் கிழிசல்கள் ஆறும், ஓடுவதற்காகத் தசை சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் நிரம்பும். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எடை கொஞ்சம் கூடலாம், கால் மந்தமாகவும் தோன்றலாம். எடை மிஷினைப் பார்த்துச் சோற்றை மட்டும் குறைத்துவிடாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் கூட ஓடும் பெண்கள் யாராவது இரவுச் சாப்பாட்டை விடுகிறார்கள் என்றால் அவர்களிடமும் சொல்.

தூரம்தான் குறைய வேண்டும், வேகம் குறையக் கூடாது. செவ்வாய்க்கிழமைக்கு 200 மீட்டர் ஆறு தடவை என்று சொன்னாயே, அதைப் போட்டி வேகத்திலேயே ஓடு. நடுவில் மூச்சு நன்றாக அடங்கட்டும். இன்னொன்று ஓடலாம் போலிருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடு.

அப்புறம், தூக்கம். போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராவிட்டால் பதறாதே, படுத்திருந்தாலே போதும். அதற்கு முந்தைய இரவுகளில் ஒன்பது மணிக்கே போனை அணைத்துவிடு. புது ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தரவா என்று அம்மா கேட்டாள். பழசே இருக்கட்டும். போட்டியன்று புதுசாக எதையும் காலில் மாட்டாதே, வயிற்றுக்கும் கொடுக்காதே.

நானும் அம்மாவும் முதல் நாள் இரவு பஸ்ஸில் கிளம்புகிறோம். 3000 மீட்டருக்கு ஏழரை ரவுண்டு. கேலரியில் உட்கார மாட்டேன். கடைசி வளைவுக்கு நேரே கம்பி வேலியோரம் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா